உட்கார்ந்து செய்கிற கடல் வேலை

பட்டுக்கோட்டையில் இறங்கும்போது காலை ஆறரை மணி. மல்லிப்பட்டினம் போகிற பஸ்ஸின் நடத்துநர் என் காலில் மாட்டியிருந்த காலிப்பரைப் பார்த்துவிட்டு, நான் ஏறி உட்காரும் வரை விசில் ஊதாமல் காத்திருந்தார். மூன்று வயதில் வந்த போலியோவால் எனக்கு வலது கால் சூம்பிப்போனது. ஊர் சுற்றுவதில் எனக்கு முதலில் நினைவில் நிற்பது இப்படிப்பட்ட மனிதர்கள்தான், அப்புறம்தான் இடங்கள்.

வழியெல்லாம் தென்னை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்ட தோப்புகளில் மறுபடி வைத்த கன்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. சரபோஜி மன்னர் எழுப்பிய எட்டடுக்கு மனோராவைக் கீழே நின்றே பார்த்துக்கொண்டேன். நான் வந்தது கடற்புல்லைப் பார்க்க.

இங்கே அதைத் தாழை என்கிறார்கள், கடல்தாழை. பாசி இல்லை, வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள செடி. ஆழமில்லாத பாக் விரிகுடாவில் வெயில் அடிவரை இறங்குவதால் செழித்து வளர்கிறது. கடற்பசுவுக்கு, இந்தப் பக்கத்து மீனவர்கள் சொல்கிற ஆவுளியாவுக்கு, இதுதான் சாப்பாடு. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ மேயும். நண்டும் இறாலும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வதும் இந்தப் புல்லுக்குள்தான். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் இதுவே முதல். அதற்குள் 12,250 ஹெக்டேருக்கு மேல் புல்வெளி இருக்கிறது. விசைப்படகுகள் கடலடியில் இழுக்கிற இழுவை மடி வலை அரித்துக்கொண்டு போன இடங்கள் மட்டும் மொட்டையாகக் கிடக்கின்றன. அங்கே திரும்பவும் நடுகிறார்கள்.

நடுவதில் பாதி வேலை கரையில் நடக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அந்தப் பாதியைப் பார்க்கத்தான் ராத்திரி முழுக்கப் பயணம்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை. நடுவில் மூங்கிலைச் சதுரமாகக் கட்டிய சட்டங்கள், குறுக்கே வரிசை வரிசையாகத் தென்னை நார்க் கயிறு. பக்கத்தில் கடல்தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் அண்டா, அதற்குள் தாழை நாற்று. நாற்று காய்ந்தால் அவ்வளவுதான் என்பதால் அண்டாவை ஈரச் சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். மூன்று பேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு என்னைப் போல் போலியோ. ஒரு பெண்ணுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. மூன்றாமவருக்கு இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் வராது. ஐம்பது வயது இருக்கும். கீழக்கரைப் பக்கத்துக்காரர், மனைவியின் ஊரோடு வந்துவிட்டவர்.

"பொறந்ததுலேருந்தாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லை தம்பி, சங்குல போனது."

சங்கு குளித்தவர். முதலில் மூச்சடக்கித்தான் குளித்திருக்கிறார். கிட்டத்துக் கடலில் சங்கு குறையக் குறைய ஆழத்துக்குப் போக வேண்டியதாயிற்று. படகில் ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாயின் முனை பல்லுக்கு நடுவே. எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று சொல்லித்தர ஆள் கிடையாது. ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் உடம்புக்குள் கரைந்துவிடும். சடாரென மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, குமிழாகிவிடும். குமிழி தண்டுவடத்தைத் தாக்கினால் கால் போய்விடும். "மேலே வந்து பீடி பத்த வச்சேன். பீடி முடியல, கால் முடிஞ்சு போச்சு" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டபோது ஹோண்டுராஸ் நாட்டு மிஸ்கிட்டோ மக்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் சிங்கி இறாலுக்காகக் குளிப்பவர்கள். அங்கேயும் கிட்டத்தில் இறால் தீர்ந்து, ஆழம் கூடி, நூற்றுக்கணக்கான பேருக்கு உடம்பு முடங்கியது. அவர்களில் 42 பேருக்கு நேர்ந்ததற்கு ஹோண்டுராஸ் அரசும் பொறுப்பு என்று 2021-இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடலில் இருப்பதையெல்லாம் வழித்து எடுப்பதற்கும் இப்படி மனிதர் முடமாவதற்கும் சம்பந்தம் இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

கட்டும் விதத்தை அந்தப் பெண் எனக்குச் சைகையில் காட்டினார். இரண்டு கட்டைவிரலாலும் கயிற்றை எதிர்ப்பக்கம் திருக வேண்டும். புரி விலகிக் கண் மாதிரி ஒரு சந்து திறக்கும். அதற்குள் நாற்றின் கிடைத்தண்டை நுழைத்து விரலை விட்டால், கயிறு தானே முறுக்கிக்கொண்டு பிடித்துக்கொள்ளும். முடிச்சே கிடையாது. ஒவ்வொன்றையும் ஒரு முறை மெல்லச் சுண்டிப் பார்க்கிறார். அசைந்தால் எடுத்துவிட்டு மறுபடி. சட்டம் கடலடியில் உட்கார்ந்ததும் வேர் மண்ணைப் பிடிக்கும். அதன் பிறகு நாரும் மூங்கிலும் மக்கிப் போகும், கடலில் குப்பையாக எதுவும் மிஞ்சாது. இந்த மூங்கில் சட்ட முறையைப் பாக் விரிகுடாவில் கடல் பாதுகாப்புக்காக வேலை செய்கிற ஓம்கார் என்ற தொண்டு அமைப்பு உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து வளர்த்தெடுத்தது.

சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. "முந்தி கல்யாண வீட்டுக்குப் போனா மூலையில நாற்காலி போட்டு உட்கார வச்சிடுவாங்க. இப்ப 'புல்லு எப்படி இருக்கு'ன்னு வந்து கேக்கறாங்க" என்றார் போலியோ அண்ணன். நானும் அந்த மூலை நாற்காலியில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அவர் சொன்னது எனக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது.

ஒன்றே ஒன்று எனக்கு உறுத்தியது. இவர்கள் மூவரும் இங்கே வந்து சேர்ந்தது தற்செயல். யாரோ ஒருவருக்குத் தோன்றியது, கூப்பிட்டார்கள். கடலோரத் திட்டங்களுக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்குகிறார்கள். நாற்று கட்டுவது, அலையாத்தி நாற்றங்காலுக்குப் பை நிரப்புவது, அறுந்த வலையைப் பிரித்துத் தரம் பார்ப்பது எல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை. படகேற முடியாதவர்களுக்குத்தான் இவை முதலில் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டால் என்ன? கொட்டகைக்கு வர ஒரு சாய்தளம், பக்கத்தில் ஒரு கழிப்பறை. அதற்கு மேல் இவர்கள் எதுவும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு மேல் நீர் வற்றியது. மாசி மாதம், காற்றே இல்லை. சட்டங்களை வள்ளத்தில் ஏற்றினார்கள். சங்கு குளித்தவரையும் இரண்டு பேர் தூக்கி முன்பக்க அணியத்தில் உட்கார வைத்தார்கள், அப்புறம் என்னையும். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் அவர் விளிம்பைப் பிடித்து வழுக்கிக்கொண்டு இறங்கினார். கரையில் பத்தடி நகரப் பலகை வண்டியைத் தேடுகிறவர், இங்கே இரண்டு கையாலும் தண்ணீரை விலக்கிக்கொண்டு சட்டத்தின் மேல் மிதந்து, நாலு மூலையிலும் குச்சி அடித்தார். பிறகு கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தைக் கைகாட்டி, "அது போன வருசம் வச்சது" என்றார். குனிந்து பார்த்தேன். சட்டம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. பச்சையாக, ஒரே சீராக, நீரோட்டத்தின் பக்கம் சாய்ந்து கிடந்தது. அதற்குள் ஒரு குட்டி நண்டு பக்கவாட்டில் ஓடி மறைந்தது.

திரும்பி வந்து நானும் ஒரு சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தேன். முதல் வரிசையைச் சுண்டிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் அத்தனையையும் உருவி அண்டாவில் போட்டார். இரண்டாவது வரிசையில் பாதியை உருவினார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. மூன்றாவது வரிசையை ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே போனார். கடைசி நாற்றையும் சுண்டிவிட்டு, அடுத்த கயிற்றை என் பக்கம் தள்ளினார்.