கையில் ஒரு பிளாஸ்திரி

ஆலயத்தில் ஆராதனை நடுவே ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம். "சமாதானம் உங்களோடு இருப்பதாக" என்று சொல்லித் திரும்பினால், பின்வரிசையில் அண்ணன்.

எட்டு மாதமாகப் பேச்சில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அரசியலால் வந்த சண்டை.

அவர்தான் முதலில் கை நீட்டினார். பெருவிரலில் பிளாஸ்திரி, ஓரமெல்லாம் அழுக்கேறி, பாதி பிரிந்து கிடந்தது. கட்டி நாலைந்து நாளாவது இருக்கும். எப்படிப் பட்டதென்றுகூட எனக்குத் தெரியாது.

அப்படியே நெஞ்சு கனத்துவிட்டது.

இத்தனை நாளும் நிம்மதியாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் அது சமாதானம் இல்லை, பேசாமல் இருந்தோம், அவ்வளவுதான்.

மத்தேயு 5:23-ஐ எத்தனை தடவை வாசித்திருப்பேன்! உனக்கு உன் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று இயேசு சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார். நியாயம் யார் பக்கம் என்ற கேள்வியே அங்கே இல்லை.

கி.பி. 155 வாக்கில் ஆதித் திருச்சபையைச் சேர்ந்த இரத்தசாட்சி ஜஸ்டின் ஆராதனையைப் பற்றி எழுதியதிலும் இதே வரிசைதான்: ஜெபம், அப்புறம் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்துதல், அதற்குப் பிறகே திருவிருந்தின் அப்பமும் கிண்ணமும்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் காத்திருந்தேன்.

"விரல்ல என்னண்ணே?"