"காத்து நல்லாருக்கா தம்பி?"

படகு கட்டுற ஜெட்டில மீன்பிடிக்கப் போற ஒரு அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கடலுக்குப் போக டோக்கன் வாங்கிட்டு வந்து ஐஸ் ஏத்திட்டு இருந்தாங்க, பக்கத்துல நாலஞ்சு படகு இஞ்சினப் போட்டுட்டு நிக்குது, என் கையில காத்துல உள்ள தூசிய அளக்குற ரெண்டு மெஷின். "காத்து நல்லாருக்கா தம்பி?"ன்னார். "நல்லாத்தான் இருக்குண்ணே"ன்னு சொல்லிட்டேன்.

பொய்யில்ல. ஒரு மெஷின்ல பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் உள்ள தூசியோட எடை, ஒரு கன மீட்டர் காத்துக்கு முப்பது மைக்ரோகிராமுக்குக் கீழதான், நம்ம நாட்டு வரம்பு 24 மணி நேர சராசரிக்கு 60, வாடைக்காத்து வேற கடல்லருந்து வீசிட்டே இருந்துச்சு. ஆனா இன்னொரு மெஷின்ல ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) காத்துக்குத் துகள் எண்ணிக்கை லட்சத்தத் தாண்டி ஓடுது, அதையும் பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

இஞ்சின் புகைல வர்ற இந்தத் துகள் பெரும்பாலும் 0.1 மைக்ரானுக்கும் சின்னது, தலைமுடியில 700ல ஒரு பங்குகூட வராது. எடையே இல்லாத மாதிரிங்கறதால எடை பாக்குற கணக்குல சிக்காது, வெளிச்சம் பட்டுச் சிதறுறத வச்சு அளக்குற சின்ன மீட்டருக்கும் 0.3 மைக்ரானுக்குக் கீழ கண்ணு தெரியாது. ஆல்கஹால் ஆவிய அதுமேல பனித்துளி மாதிரி படிய வச்சுப் பெருசாக்கித்தான் எண்ணணும். நுரையீரலோட அடி வரைக்கும் போகக்கூடியது அது. உலக சுகாதார நிறுவனம் 2021ல ஒரு மணி நேர சராசரி சிசிக்கு 20,000 தாண்டினா அதிகம்னு சொல்லிருக்கு, நம்ம நாட்டு 2009 வரம்புல துகளுக்கு பிஎம் 10, பிஎம் 2.5 ரெண்டுதான் இருக்கு.

நான் பாத்தது சில நிமிஷ ரீடிங்தான், அத வச்சு ஒருத்தரப் பயமுறுத்துறது தப்புன்னு இப்பவும் தோணுது. சொன்னா மட்டும் அவர் என்ன செய்வார், இஞ்சின நிறுத்திட்டு மீன் பிடிக்க முடியுமா. ஆனா ராத்திரி பூரா அந்த இஞ்சின் பக்கத்துலயே படுத்துக் கெடக்குறவர் அவர்தானே.

சாயல்குடி பக்கம் கருப்பட்டி காய்ச்சுற கொட்டில்ல இப்படியா பண்ணேன், ரெண்டு ரீடிங்கும் எகிறுச்சு, அங்க காய்ச்சிட்டு இருந்த அக்காகிட்ட அவங்க கேக்காமலே சொன்னேன். "தெரியும்யா, கண்ணு எரியுதுல்ல"ன்னாங்க. கமுதில கரிமூட்டம் போடுறவங்ககிட்டயும் சொன்னேன். புகை கண்ணுக்குத் தெரியிற எடத்துல தெரிஞ்சவங்களுக்கே சொல்லிருக்கேன், தெரியாம கேட்டவர்கிட்ட மட்டும் மறைச்சிருக்கேன்.

ரிப்போர்ட்ல, வரம்பே இல்லாத கணக்க எதுக்கு முன்னாடி போடுறன்னு மேல உள்ளவர் கேட்டார், எண்ணிக்கையெல்லாம் பின்னிணைப்புக்குப் போச்சு, நானும் சரின்னுட்டேன். அன்னைக்கு ஜெட்டில அந்தண்ணனுக்குப் பதில் சொன்னப்பவே இதுக்கும் சரின்னுட்ட மாதிரிதான்னு இப்போ படுது, இல்ல, ரெண்டும் வேற வேறயாவும் இருக்கலாம்.

மீன்பிடித் தடைக்காலத்துல மறுபடி போனேன். ஜெட்டில இஞ்சின் சத்தமே இல்ல, எண்ணிக்கை அப்படியே எறங்கிக் கெடக்கு. அந்தண்ணன் வலை சரி பண்ணிட்டு இருந்தார். "என்ன தம்பி, மறுபடியுமா"ன்னு டீ வாங்கிக் குடுத்தார். காத்தப் பத்தி அவர் கேக்கல. குடிச்சிட்டு வந்துட்டேன்.