கைல் லோரியை விற்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன்

போன ஞாயிறு அக்கா வீட்டில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். சாப்பிட்டு முடிக்கும் முன்பே மருமகன் போனைத் தூக்கி என் கோப்பைக்கு மேலே பிடித்தான். "மாமா, இஞ்ச பாருங்கோ, மெஷின் ஓம் எண்டு சொல்லுது."

மெஷின் என்றால் ஈஎஸ்பிஎன் தளத்தில் இருக்கும் ட்ரேட் மெஷின். இரண்டு என்பிஏ கூடைப்பந்து அணிகளைத் தெரிவுசெய்து ஆட்டக்காரர்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப்போட்டால், சம்பளக் கணக்கு லீக் விதிக்குள் அடங்குகிறதா என்று பார்த்துச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. சாதகம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும் சாத்திரியார் மாதிரி, இரண்டு பேரும் ஒரு வீட்டில் சண்டை பிடிக்காமல் இருப்பார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் மருமகனுக்கு அந்த "ஓம்" போதும். அன்றைக்கு அவன் கொண்டுவந்த சம்பந்தம்: எங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸின் பாயிண்ட் கார்ட் இமானுவேல் குவிக்லியைக் கொடுத்து, இன்னொரு அணியின் பாயிண்ட் கார்ட் ஜா மொராண்டை எடுப்பது.

ராப்டர்ஸ் ரசிகனாக இருப்பது என்றாலே பாயிண்ட் கார்டைப் பற்றிச் சண்டை பிடிப்பதுதான் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். மற்ற இடங்களுக்கு ஆள் கிடைத்துவிடும். பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற அந்த ஒருவர் மட்டும் எப்போதும் போதாதவராகவோ, போகப்போகிறவராகவோ, அல்லது நாங்கள் துரத்த நினைக்கிறவராகவோ இருப்பார். முப்பது வருஷமாக இதே கதை.

மருமகன் 2003இல் பிறந்தவன். அவனுக்கு எங்கள் அந்தக்காலப் பாயிண்ட் கார்ட் டேமன் ஸ்டோடமையர் ஒரு பழைய ஜேர்சி, அவ்வளவுதான். நானும் அத்தானும் ஸ்கைடோமின் மேல்தட்டில், பந்து எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாத கதிரைகளில் இருந்து அவரைப் பார்த்தவர்கள். ஐந்தடி பத்து அங்குலம். பேஸ்பால் மைதானத்தை மறைத்துக் கட்டிய அந்தப் பெரிய குளிர்ந்த மண்டபத்துக்குள் ஒரு சின்ன ஆள் ஓடித் திரிவார். 1996 பங்குனியில், அந்த வருஷம் மொத்தம் பத்தே பத்து ஆட்டம் தோற்ற சிக்காகோ புல்ஸை ஒரு புள்ளியால் மடக்கியபோது அவர் 30 புள்ளி எடுத்தார். எங்கள் வாழ்நாளுக்கு இவர்தான் பாயிண்ட் கார்ட் என்று அத்தான் சொன்னார். இரண்டு வருஷம் தாங்கவில்லை. அணியின் நிர்வாகியாக இருந்த ஐசேயா தோமஸ் விட்டுப் போனதும் ஸ்டோடமையர் தானும் போகவேண்டும் என்றார், 1998 மாசியில் போர்ட்லண்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த ட்ரேடில் வந்த பெரிய பெயர் கெனி அண்டர்சன். அந்த மனுசன் ரொறன்ரோவுக்கு வரவே மாட்டேன் என்று நின்றார், ஒரு கிழமைக்குள் அவரைப் பொஸ்டனுக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு வந்தவர்களில் ஒரு இளம் பொடியனை எடுத்தார்கள். பெயர் சோன்சி பிலப்ஸ். அவரையும் அடுத்த வருஷமே டென்வருக்குக் கொடுத்தாயிற்று. 2004இல் டெட்ரொயிட் சம்பியன் ஆனபோது இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அதே பிலப்ஸ்தான். அத்தான் அன்று டிவியை நிறுத்திவிட்டுப் பனி இல்லாத வாசலில் கொஞ்ச நேரம் போய் நின்றார்.

ஆனால் அந்தப் போர்ட்லண்ட் ட்ரேடில் கொசுறாக ஒருவர் வந்தார், அல்வின் வில்லியம்ஸ். அவரைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 2001இல் நியூயோர்க்கில் ஐந்தாவது ஆட்டத்தில் வெற்றியை உறுதிசெய்த பந்தைப் போட்டு, ராப்டர்ஸுக்கு முதன்முதலாக ஒரு பிளேஓஃப் (சீசன் கடைசியில் சம்பியனைத் தீர்மானிக்கிற சுற்று) தொடரை வென்று தந்தது அந்தக் கொசுறுதான். அதே ட்ரேடில் வந்த இன்னொருவர் கேரி ட்ரெண்ட். இருபத்து மூன்று வருஷம் கழித்து அவருடைய மகனும் அதே போர்ட்லண்டில் இருந்து ட்ரேடில்தான் ரொறன்ரோவுக்கு வந்தார். இதை மருமகனுக்குச் சொன்னபோது முதலில் நம்பவில்லை, தேடிப் பார்த்துவிட்டு, "சும்மா சொல்லுறீங்கள் எண்டு நினைச்சன்" என்றான்.

அதற்குப் பிறகு டி.ஜே. ஃபோர்டா கால்டெரோனா என்று ஒரு காலம் முழுக்க அடிபட்டோம். ஃபோர்ட் வேகம், கால்டெரோன் நிதானம். நான் கால்டெரோன் கட்சி. 2008-09இல் ஒரு சீசன் முழுக்க ஃப்ரீ த்ரோவில் (பிழைக்குக் கிடைக்கிற, யாரும் தடுக்காத எறி) 154க்கு 151 போட்ட ஆள் அவர். தடுப்பாட்டம் என்று வந்தால் எதிரணிக்குக் கதவைத் திறந்து வாங்கோ என்று சொல்வார் என்பதும் உண்மைதான், அதை அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, தலைப்பில் சொன்ன பாயிண்ட் கார்ட் லோரி கதைக்கு வருகிறேன்.

2012 கோடையில் எங்கள் எல்லோருக்கும் ஸ்டீவ் நாஷ்தான் வேண்டும். கனடாக்காரர், இரண்டு முறை எம்விபி, அதாவது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். 38 வயது என்பதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. அவருக்கு மூன்று வருஷத்துக்கு 36 மில்லியன் தருவதாகக் கேட்டது மட்டுமில்லை, நியூயோர்க் அவரைப் பிடிக்கக் கூடாது என்பதற்காக அவர்களுடைய லாண்ட்ரி ஃபீல்ட்ஸுக்கு மூன்று வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 20 மில்லியன் எழுதிக் கொடுத்தது அணி. நாஷ் லேக்கர்ஸுக்குப் போனார். ஃபீல்ட்ஸ் எங்கள் தலையில். பத்தியத்துக்கு வாங்கிய மருந்து மாதிரி, நோயாளி போய்விட்டார், போத்தல் மிச்சம். அந்தக் கோபத்தோடு இருக்கும்போதுதான், ஹூஸ்டனில் இருந்து கைல் லோரியை ஒரு முதல் சுற்றுத் தெரிவுக்கும் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கிற டிராஃப்டில் ஒரு இடம்) கேரி ஃபோர்ப்ஸுக்கும் வாங்கினார்கள். பயிற்சியாளர்களோடு ஒத்துப்போகாதவர், பிடிவாதக்காரர் என்று பெயரோடு வந்தவர். எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. லேக்கர்ஸில் நாஷ் இரண்டாவது ஆட்டத்திலேயே காலை முறித்துக்கொண்டார் என்று தெரிந்தபோதும்கூட எனக்கு மனம் மாறவில்லை.

2013 மார்கழி. அணி 6 வெற்றி, 12 தோல்வி. புதிதாக வந்திருந்த நிர்வாகி மசாய் உஜிரி, ரூடி கேயை சாக்ரமெண்டோவுக்கு அனுப்பினார். எல்லோருக்கும் விளங்கிவிட்டது: வேண்டுமென்றே தோற்கப் போகிறோம், கீழே போனால் மேலே தெரிவு கிடைக்கும், மேலே கிடைத்தால் அடுத்த டிராஃப்டில் வரவிருந்த அண்ட்ரூ விகின்ஸ். தோர்ண்ஹில் பொடியன், ஹைவேயில் ஏறினால் அரை மணித்தியாலம்! அடுத்து விற்கவேண்டியது லோரியை. ஒப்பந்தம் வருகிற கோடையோடு முடிகிறது, இப்போதே விற்றால்தான் ஏதாவது கிடைக்கும். இதை நான் எத்தனை பேருக்கு எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. வேலை இடத்தில், முடிவெட்டும் கடையில், அக்காவின் கடைசி மகளின் பிறந்தநாளில் கேக் வெட்டும் நேரத்தில். அத்தான் ஒருவர்தான் மறுத்தார், அவருடைய காரணமும் கூடைப்பந்துக் காரணம் இல்லை: "உந்தப் பொடியன் விழுந்து எழும்புற விதம் எனக்குப் பிடிச்சிருக்கு." இதெல்லாம் ஒரு வாதமா என்று சிரித்தேன்.

லோரியை விற்க நியூயோர்க் நிக்ஸோடு பேச்சு கிட்டத்தட்ட முடிந்தது. பிறகு வந்த செய்திகளின்படி, அதை நிறுத்தியது நிக்ஸ் முதலாளி ஜேம்ஸ் டோலன். உஜிரி டென்வரில் இருந்தபோது கார்மெலோ அந்தனியை விற்று அவர்களைப் பிழிந்திருந்தார், அதே 2013 கோடையில்தான் எங்கள் பார்னியானியை அவர்கள் தலையில் கட்டி ஒரு முதல் சுற்றுத் தெரிவும் வாங்கியிருந்தார். மூன்றாம் தரமும் ஏமாறுவதா என்ற பயம் டோலனுக்கு. சூடு கண்ட பூனை. அந்தப் பயத்தில்தான் லோரி தப்பினார், இல்லை, தப்பியது நாங்கள்.

மிச்ச சீசனில் அந்த அணி 64 ஆட்டத்தில் 42ஐ வென்றது. ஆறு வருஷத்துக்குப் பிறகு பிளேஓஃப். புரூக்ளினோடு ஏழாவது ஆட்டம், ஒரு புள்ளி பின்னால், கடைசி ஆறு செக்கன், பந்து லோரியிடம். மூன்று பேருக்கு நடுவே நுழைந்து எறிந்ததை புரூக்ளினின் போல் பியர்ஸ் கையால் தடுத்தார். லோரி நிலத்தில் மல்லாக்கக் கிடந்தார், எங்கள் அணியின் டிரோசன் பக்கத்தில் குனிந்து நின்றார். எங்கள் பேஸ்மென்டில் பதினான்கு பேர், ஒருவரும் பேசவில்லை. நான் விற்கச் சொன்ன ஆள் அப்படிக் கிடக்கிறார், எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அத்தான் என்னைப் பார்க்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

ராப்டர்ஸ் சம்பியன் ஆன 2019 ஆனி 13 பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஓக்லண்டில் ஆறாவது ஆட்டம் தொடங்கியதும் ராப்டர்ஸின் முதல் எட்டுப் புள்ளியும் லோரியுடையது. மொத்தம் 26. மார்கழியில் விற்றிருந்தால் அந்த இரவு இல்லை. பதிலுக்கு நியூயோர்க்கில் இருந்து வரவிருந்ததாகச் சொல்லப்பட்டவர்களில் ரேமண்ட் ஃபெல்டனும் ஒருவர் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், எனக்கே நினைவுபடுத்திக்கொள்ள.

இதையெல்லாம் சொன்னால் மருமகன் ஒரே ஒரு பெயரால் என் வாயை மூடுவான். ஃப்ரெட் வான்வ்லீட், லோரிக்குப் பிறகு எங்கள் பாயிண்ட் கார்ட். 2023 மாசியில் அவரை விற்றிருக்கலாம். ஒப்பந்தம் முடியப்போகிறது என்று உலகத்துக்கே தெரியும். விற்காமல், யாக்கோப் பெர்டில் என்ற ஆட்டக்காரரை வாங்க ஒரு முதல் சுற்றுத் தெரிவை வேறு கொடுத்தார்கள். கோடையில் ஹூஸ்டன் கிட்டத்தட்ட 130 மில்லியனை நீட்டியது, வான்வ்லீட் போனார், எங்களுக்குக் கிடைத்தது வெறுங்கை. "உங்கட லோரி கதையாலதான் மாமா இவையள் எல்லாம் ஆக்களை விக்கப் பயப்படுகினம்" என்கிறான். என்னிடம் இதற்குப் பதில் இல்லை. வான்வ்லீட்டை வைத்திருக்கச் சொன்னவனும் நான்தான்.

ஆனால் மொராண்ட் விஷயத்தில் நான் இறங்கவில்லை. குவிக்லி முழுமையான பாயிண்ட் கார்ட் இல்லை, சரி. 2024இல் அவருக்கு எழுதியது ஐந்து வருஷத்துக்கு 175 மில்லியன் வரை போகக்கூடிய ஒப்பந்தம், அடுத்த சீசனில் காயத்தோடு 33 ஆட்டம்தான் விளையாடினார், அதுவும் சரி. சம்பளம் கூட என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் இந்த அணியில் பந்தை மேலே கொண்டுவருவது பாதி நேரம் ஸ்காட்டி பார்ன்ஸ். பார்ன்ஸ் நல்ல மூன்று புள்ளி எறிகாரர் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் பந்து கையில் இல்லாதபோதும் எதிரணிக்குப் பயம் கொடுக்கவேண்டும், தூரத்தில் நின்றால்கூட ஒருவர் அவரை விட்டு நகரக்கூடாது. குவிக்லியை விட்டு நகர ஏலாது. மொராண்டை விடலாம், தாராளமாக விடலாம், அவருடைய ஆட்டம் முழுக்கப் பந்து கையில் இருக்கும்போதுதான். உள்ளே பாய்ந்து காற்றில் நிற்கிற அந்த அழகை நானும் வாயைப் பிளந்து பார்க்கிறவன்தான், ஆனால் பார்ன்ஸும் உள்ளே, இங்கிராமும் உள்ளே, பெர்டில்லும் உள்ளே, இவரும் உள்ளே வந்தால் அது கோயில் தேர் நாளில் வீதி மாதிரி. 2023-24இல் லீக் போட்ட தடையும் தோள்பட்டைக் காயமுமாக அவர் விளையாடியது ஒன்பதே ஆட்டம் என்பது வேறு.

"அப்ப உங்களுக்கு ஆர்தான் வேணும்?" என்றான்.

அத்தான் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "உவருக்கு நாஷ் வேணும்" என்றார். அக்கா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் சுட்டது.

வீட்டுக்கு வந்து படுக்கப் போகிற நேரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மெஷினின் புது "ஓம்." இந்த முறை மொராண்ட் இல்லை, வேறு ஒருவர், எறியத் தெரிந்தவர், ஒப்பந்தம் சின்னது. பெயரை இங்கே எழுதமாட்டேன், நாளைக்கு நீங்கள் எனக்கு அடிப்பீர்கள். குவிக்லியோடு ஜமால் ஷெட்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தான். 45ஆவது தெரிவாக வந்து, எதிரணிக்காரரின் சட்டைக்குள் புகுந்து தடுப்பாடுகிற பொடியன். கொசுறு மாதிரி ஓரத்தில் போட்டிருந்தான்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப எடுத்தேன். "ஷெட்டைத் தர ஏலாது. அவரை எடுத்திட்டு ஒரு இரண்டாம் சுற்றுத் தெரிவு போட்டுப் பார்" என்று அனுப்பினேன். இரவு பன்னிரண்டே முக்கால். உடனே இரண்டு நீலச் சரி விழுந்தது.