ஐந்து மணிவரை நின்றவன்: வேத விளக்கத் தாளுக்கு நான் படித்த விதம்

சிங்கப்பூரில் மாலை நேர இறையியல் படிப்பில் முதல் பருவத் தேர்வு முடிந்து விடைத்தாள் கைக்கு வந்தபோது, ஓரத்தில் ஆசிரியர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "பிரசங்கம் நன்றாக இருக்கிறது, விளக்கம் எங்கே?" கேள்வி, மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சத்தோட்ட வேலையாட்கள் உவமை: விடியலிலும் பிறகு பல வேளைகளிலும் ஆள் கூப்பிடும் முதலாளி, காலையில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே ஒரு நாள் கூலியைக் கொடுக்க, முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கும் கதை. கடைசி நேரத்தில் மனந்திரும்பினாலும் பரலோகம் உண்டு என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். சிறு வயதிலிருந்து சபையில் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. வசனத்தை உற்றுப் பார்த்து எழுதிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

அதே தாளை மறுபடி எழுதித் தேறினேன். நடுவில் படிக்கும் விதம் மாறியது. வேலைக்குப் போய்க்கொண்டே இந்தப் படிப்பைத் தொட நினைப்பவர்களுக்கு உதவும் என்று அதை எழுதுகிறேன்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. வீட்டில் நான் வேதம் வாசிப்பது தமிழில். முதல் பருவத்தில் தமிழை ஒதுக்கி வைத்துவிட்டு ஆங்கில விளக்கவுரைகளையே பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை தலைகீழாகச் செய்தேன். 1871-இல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பின் வழி வந்த நம் பழைய வேதாகமத்தையும், 1995-இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகுதி முழுவதையும் நோட்டில் கையால் எழுதினேன். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. காலை ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரை, வேலைக்குக் கிளம்பும் முன். முதல் வாரம் எந்த விளக்கவுரையையும் திறக்கவில்லை. இந்த ஒரு வாரம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது.

எழுதும்போது கை தானாக நிற்கும் இடங்கள் உண்டு. 15-ஆம் வசனத்தில் என் கை நின்றது. பழைய மொழிபெயர்ப்பு, "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்கிறது. திருவிவிலியம் அதைப் 'பொறாமை' என்று சொல்லிவிடுகிறது. பொருள் சரிதான், படிக்கவும் எளிது. ஆனால் கிரேக்க மூலத்தில் இருப்பது 'கண்': நான் நல்லவனாக இருப்பதால் உன் கண் பொல்லாததாகிறதா என்பதே கேள்வி. வன்கண் என்ற நம் பழைய சொல் அந்தக் கண்ணை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. சரி, இந்தச் சொல் வேறு எங்கே வருகிறது என்று ஒத்தவாக்கிய அகராதியைப் புரட்டினால், பழைய ஏற்பாட்டுச் சட்ட நூலான உபாகமம் 15:9 வந்து நின்றது. கடன் தள்ளுபடியாகும் ஏழாம் வருடம் நெருங்குகிறது என்று கணக்குப் பார்த்து, ஏழைச் சகோதரன்மேல் வன்கண் வைத்துக் கொடுக்காமல் இருந்துவிடாதே என்கிறது அந்தக் கட்டளை. உவமையின் முதலாளி பேசுவது வெறும் பொறாமையைப் பற்றி அல்ல. இல்லாதவனுக்குக் கிடைப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிற கண்ணைப் பற்றி. ஆங்கில விளக்கவுரைகளில் இது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நானாகக் கண்டுபிடித்தது தேர்வறையில் மறக்கவே இல்லை.

அப்புறம், பகுதியின் எல்லைகள். அதிகார எண்கள் பிற்காலத்தில் போட்டவை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் 20:1-இல் தொடங்கி 20:16-இல் நிறுத்திவிடுகிறோம். கொஞ்சம் மேலே போனால் 19:27-இல் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். 19:30-லும் 20:16-லும் முந்தினோர் பிந்தினோராவதும் பிந்தினோர் முந்தினோராவதும் பற்றிய அதே வாக்கு. இரண்டு வாசல்களுக்கு நடுவே கதை இருக்கிறது. உவமை முதலில் சீஷர்களைப் பார்த்துச் சொன்னது, நெடுநாள் உழைத்தவர்களைப் பார்த்துச் சொன்னது. இதைப் பார்க்காமல், முதலில் வந்தவர்கள் யூதர்கள், பின்னால் வந்தவர்கள் நாம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த விளக்கம் யூதர்களுக்கு எவ்வளவு தீங்கு செய்திருக்கிறது என்பதை வரலாறு காட்டுகிறது. தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள்.

பின்னணியையும் வேதத்துக்குள்ளேயே தேடுங்கள். உவமையில் கொடுக்கப்படும் தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி. பதினோராம் மணி என்பது விடியலிலிருந்து எண்ணுவது, நம் கணக்கில் மாலை ஐந்து மணி. அந்தி வந்தவுடன் கூலி கொடுக்கப்படுகிறதே, அது வெறும் கதைப்போக்கு அல்ல. அன்றாடக் கூலியைப் 'பொழுதுபோகுமுன்னே' கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24:15 சொல்கிறது. அவன் ஏழை, அந்தக் கூலியையே நம்பியிருக்கிறான் என்ற காரணத்தையும் சொல்கிறது.

இவ்வளவு படித்தும் 'இன்றைய வாசகருக்கு' என்ற பகுதியில் திணறினேன். கேள்வித்தாளில் பாதி மதிப்பெண் அதற்குத்தான். அதற்கு வழி காட்டியது ஒரு புத்தகம் அல்ல.

எங்கள் சபைக்கு ஞாயிறுதோறும் கட்டுமான வேலை பார்க்கும் தம்பிகள் சிலர் வருவார்கள். ஆராதனை முடிந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பகுதியை அவர்களிடம் வாசித்துக் காட்டி, யார்மேல் இரக்கம் வருகிறது என்று கேட்டேன். காலையிலிருந்து வெயிலில் உழைத்தவன் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "அஞ்சு மணி வரைக்கும் நின்னான் பாருங்க அக்கா, அவன்தான். வேலை செஞ்சவனுக்கு உடம்பு மட்டும்தான் வலிக்கும். வேலை கிடைக்காம நின்னவனுக்கு வீட்டுக்குப் போன் பேசவே மனசு வராது."

சோம்பேறியாக நின்றவன் என்றே அவனை நினைத்திருந்தேன். திரும்ப வாசித்தேன். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். பதில் வசனத்திலேயே இருந்தது. மூன்றாம் நூற்றாண்டுச் சபை அறிஞர் ஓரிகேன் காலத்திலிருந்து இந்த மணி நேரங்களை உலகத்தின் யுகங்கள், மனித வாழ்வின் பருவங்கள் என்றெல்லாம் விளக்கியிருக்கிறார்கள். அவற்றையும் விடையில் குறிப்பிடலாம், குறிப்பிட வேண்டும். ஆனால் சந்தை வெளியில் ஐந்து மணிவரை நின்றவனின் முகத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. உவமையை நேரடியாகச் சம்பளச் சட்டமாக்கிவிடக் கூடாது. இங்கே வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். அதையும் உபாகமத்தையும் அருகருகே வைத்து, சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் அக்கறை என்ன என்று கேட்பது நியாயமான ஒப்பீடு. அதற்குமேல் போனால் வசனம் சொல்லாததைச் சொல்ல வைக்கிறோம். 'இது ஆத்துமாவைப் பற்றியது மட்டும்தான்' என்று ஒதுங்குவதும் அதே தவறுதான். தேவனுடைய தயவைப் பேச இயேசு ஒரு கூலிக்காரனின் சாயங்காலத்தை எடுத்தார் என்பது தற்செயலாகத் தெரியவில்லை எனக்கு.

மறுதேர்வில் இந்த உவமை வரவில்லை. இயேசு நாசரேத்து ஜெப ஆலயத்தில் வேதம் வாசிக்கும் லூக்கா 4:16-21 வந்தது. பழகிய வழியிலேயே போனேன். அவர் வாசிப்பது தீர்க்கதரிசி ஏசாயாவின் நூலில் 61-ஆம் அதிகாரம். அங்கே 'நீதியைச் சரிக்கட்டும் நாள்' என்று தொடரும் வரிக்கு முன்னாலேயே வாசிப்பு நிற்கிறது. 'நொறுங்குண்டவர்களை விடுதலையாக்கவும்' என்பது ஏசாயா 58:6-இலிருந்து வருகிறது. எங்கே நிறுத்தினார், எதைச் சேர்த்தார் என்ற இரண்டையும் வைத்தே முதல் பாதியை எழுதினேன். வசனத்துக்கு ஐம்பது நிமிடம், இன்றைய பொருளுக்கு முப்பது, திருப்பிப் பார்க்கப் பத்து. 'நாம்' என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் முதல் பாதியில் வரக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். பிரசங்கம் உள்ளே நுழையும் கதவு அந்தச் சொல்தான்.

புத்தகங்களுக்கு நிறையச் செலவு செய்யாதீர்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து படித்தேன். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடையில் எட்டு வெள்ளிக்கு ஒரு மத்தேயு விளக்கவுரை கிடைத்தது. அதுவே போதுமாக இருந்தது.

முடிவு வந்ததும் அந்தத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். அவரைத் துவாஸ் பக்கம் வேலைக்கு மாற்றிவிட்டார்கள், இப்போது ஞாயிறு வர முடிவதில்லை. இரவு பத்து மணிக்குக் குரல் பதிவு வந்தது: "சந்தோசம் அக்கா. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். காலையில வந்தவனுக்கும் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் என்ன குடுத்தாங்கன்னு இருக்கு. ஒன்பது மணிக்கும் பன்னெண்டுக்கும் மூணுக்கும் வந்தவங்களுக்கு என்ன குடுத்தாங்கன்னு போடலையே?"

நோட்டை எடுத்து, நான் கையால் எழுதிய இரண்டு பத்திகளையும் பார்த்தேன். இரண்டிலும் இல்லை.