தூளி கட்ட ஒரு கொக்கி: வியட்நாம் நாட்குறிப்பு

2016 நவம்பர் 7, திங்கள், வுங் தாவ்

நாங்கள் தத்தெடுக்கப் போகிற பாப்பா இருக்கும் குழந்தைகள் காப்பகம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். சைகோனிலிருந்து நூறு கிலோமீட்டர் காரில் வரும்போது வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, செருப்பைக் கழற்றியதும் கொஞ்சம் அடங்கியது. பாரிஸில் எந்த அலுவலகமும் என்னை வெறுங்காலோடு உள்ளே விட்டதில்லை.

பாப்பாவுக்கு 15 மாதம். போட்டோவில் பார்த்த அதே முகம், மேலுதட்டில் தையல் தழும்பு நூல் போல. அவளைத் தூக்கி வந்த காப்பக ஊழியருக்கு ஐம்பது வயதிருக்கும். இங்கே எல்லாரும் 'கோ' என்கிறார்கள். அப்பாவின் தங்கை என்று அர்த்தமாம். அப்படியானால் அத்தை. நானும் இங்கே அத்தை என்றே எழுதிக்கொள்கிறேன்.

பாப்பா எங்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்தவள் ஒரு மணி நேரம் திரும்பவேயில்லை. நான் பார்த்தது பின்னங்கழுத்தும் வேர்க்குருவும்தான்.

நவம்பர் 8

சாப்பாட்டு வகுப்பு. அரிசிக் கஞ்சிக்கு இங்கே சாவ் என்று பெயர். மீன் உதிர்த்துப் போட்டு, பூசணியும் சேர்த்து மசிய வைத்திருந்தார்கள். உதடு பிளந்து பிறந்த குழந்தை என்பதால் கரண்டியை நேராக நீட்டக் கூடாது, கீழுதட்டின் மேல் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவளாக இழுத்துக்கொள்வாள். இதை அத்தை ஒரு வார்த்தை இல்லாமல் என் கையைப் பிடித்தே சொல்லிக் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் பெண் அந்த நேரம் போனில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பாப்பா அத்தையை 'மா' என்று கூப்பிடுகிறாள். தெற்கு வியட்நாமில் அம்மாவுக்கு அதுதான் சொல், குரலை மேலே தூக்கிச் சொல்ல வேண்டும். நான் தட்டையாகச் சொல்லிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டார், அப்படிச் சொன்னால் பேயாம். முதல் இரண்டு நாள் பாப்பாவுக்கு நான் அதுவாகத்தான் இருந்திருப்பேன்.

நவம்பர் 9

விடிகாலையிலேயே புதுச்சேரியிலிருந்து அம்மா போன். குழந்தையைப் பற்றிக் கேட்கத்தான் என்று எடுத்தால், "ஐந்நூறு ரூபாய் செல்லாதாம்டி, பீரோவில் வைத்திருக்கிறதை என்ன பண்ணுவேன்?" என்று ஒரே புலம்பல். என் கைப்பையிலோ ஐந்து லட்சம் டோங் நோட்டுகள் கத்தையாக இருக்கின்றன. ஒரு நோட்டு இருபது யூரோ சொச்சம். லட்சாதிபதி மகள், செல்லாக்காசு அம்மா என்று இவர் சிரித்தார். கடைசியில்தான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது: "குழந்தைக்குக் குல்லா போட்டீங்களா?"

நவம்பர் 10, வியாழன், பா ரியா

மாகாண நீதித் துறை அலுவலகம். ஹோ சி மின் மார்பளவுச் சிலை, சிவப்புத் திரை, மேசையில் பிளாஸ்டிக் பூ. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மாகாண மக்கள் குழுவின் முடிவை வாசித்தார்கள், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோம், ஒப்படைப்புச் சான்றில் இன்னொன்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மூன்று வருடம், குழந்தையின் நிலை பற்றி அறிக்கை அனுப்ப வேண்டும் என்று ஒருவர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். சரி என்று தலையாட்டினோம்.

பிரான்சில் நாங்கள் வாங்கிய தத்து அனுமதி ஐந்து வருடம் செல்லும், இது நாலாவது வருடம். அதற்கு முந்தைய ஒன்பது மாத விசாரணையில், எங்கள் கல்யாண வாழ்க்கை பற்றி எங்களுக்கே தெரியாததையெல்லாம் எழுதினார்கள். இங்கே சட்டம் முதலிடம் தருவது உள்நாட்டுக் குடும்பத்துக்கு. பாப்பாவின் கோப்பில், அப்படி யாரும் முன்வரவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. மொத்தக் கோப்பிலும் நான் அதிகம் படித்த வரி அதுதான்.

அத்தையும் வந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். ஒப்படைக்கும் நேரத்தில் பாப்பாவை என் கையில் வைத்துவிட்டு, படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பாப்பா அலறினாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அந்தப் படத்தில் நாங்கள் சிரித்துக்கொண்டு இருக்கிறோம், அவள் அழுதுகொண்டு இருக்கிறாள். சட்டகம் போட மாட்டேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 11

தூக்கம் இல்லை. யாருக்கும்.

நவம்பர் 12

நேற்றிரவும் ஹோட்டல் தொட்டிலில் போட்டால் முதுகு படுவதற்குள் விழித்துக்கொண்டாள். மூன்று மணிக்கு அவளைத் தோளில் போட்டபடி ஜன்னலோரம் நின்றேன். எதிர்க் கடை வாசலில் காவலாளி இரும்புச் சட்டத்தில் மாட்டிய வலைத்துணியில் ஒரு காலைத் தொங்கவிட்டு ஆடிக்கொண்டே தூங்கினார். அப்போதுதான் உறைத்தது. காப்பகத்தில் கட்டிலுக்குக் கட்டில் நடுவே தொங்கியது அதுதான், நான் துணி உலர்த்த என்று நினைத்துவிட்டேன்.

காலையில் சந்தையில் ஒன்று வாங்கினோம். இதற்கு வோங் என்று பெயர். நம் தூளியேதான், மேலே கொக்கிக்குப் பதில் மடக்கும் இரும்புக் கால்கள். படுக்க வைத்து நாலு ஆட்டு ஆட்டினேன். கண் செருகியது. ஆராரோ பாட ஆரம்பித்தால் விழித்துவிட்டாள், அந்த ஓசை அவளுக்குப் புதிது. அத்தை 'அவ் ஓ... அவ் ஓ...' என்று இழுப்பது ஞாபகம் வந்தது. வார்த்தை தெரியாது, அந்த இழுப்பை மட்டும் திரும்பத் திரும்ப இழுத்தேன். இரண்டு மணி நேரம் தூங்கினாள். நானும் தரையில்.

நவம்பர் 14

கடற்கரைக்குப் போக ஆசை, ஆனால் நூறடி நடப்பதற்குள் நாலு பாட்டிமார் மறித்தார்கள். சாக்ஸ் எங்கே, தொப்பி எங்கே, காற்று அடிக்கிறதே? வெயில் முப்பது டிகிரி. ஒரு பாட்டி கேட்காமலே பாப்பாவின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். என் அம்மாவுக்கு இந்த ஊரில் இத்தனை கிளைகள்!

மதியம் பான் கோட். வுங் தாவ் வந்தால் இதைச் சாப்பிடாமல் போகக் கூடாதாம். கடைக்கார அம்மா கல்லைக் காட்டியதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, நம் குழிப்பணியாரக் கல்! அரிசி மாவில் மஞ்சள், தேங்காய்ப்பால், ஒவ்வொரு குழியிலும் ஒரு இறால். ஓரம் மொறுமொறு, நடு மெத்தென்று. கீரை இலையில் சுருட்டி மீன் சாற்றில் தோய்த்து வாயில் போட வேண்டும். பாப்பா நடுப்பகுதியைப் பிய்த்து ஊட்ட ஊட்ட நாலு சாப்பிட்டாள். என் கையிலிருந்து வாயைத் திறந்து கேட்டது இன்றுதான்.

அந்த அம்மா என்னையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். என் நிறம் அப்படி, அவள் நிறம் இப்படி. "கோன் நுவோய்?" என்றார். கோன் என்றால் பிள்ளை, நுவோய் என்றால் ஊட்டி வளர்ப்பது. தத்து, சுவீகாரம் என்ற சொற்களில் பத்திரமும் முத்திரையும்தான் வாசனை அடிக்கின்றன. வளர்ப்புப் பிள்ளை என்பது பக்கத்தில் வருகிறது, ஆனால் நம் ஊரில் அதைக் குரலைத் தாழ்த்தியல்லவா சொல்வார்கள்? இந்த அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். நானும் அதே சத்தத்தில் ஆமாம் என்றேன்.

நவம்பர் 17

பாப்பாவின் பாஸ்போர்ட்டுக்குப் போன விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஓர் அலுவலகத்தில் இவருடைய பெயரையும் குடும்பப் பெயரையும் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள். வியட்நாமில் குடும்பப் பெயர் முன்னால், பிரான்சில் அது தனிப் பெட்டியில், எங்களுக்கோ அது உண்மையில் மாமனாரின் பெயர். குடும்பப் பெயரே கிடையாது என்று விளக்கப் போய், குமாஸ்தா எங்களை ஏதோ மறைக்கிறவர்களைப் போலப் பார்த்தார். நாலு நாள் வீண்.

நவம்பர் 20, ஞாயிறு

இங்கே ஆசிரியர் தினம், தெருவெல்லாம் பூ. பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அத்தை. விடுமுறை நாளில் சொந்த ஸ்கூட்டரில் வந்திருக்கிறார், கையில் ஒரு பையில் பாப்பாவின் பழைய சட்டை இரண்டு, துவைக்காதது. துவைக்காமல் இருப்பதுதான் காரியம் என்று மூக்கருகே கொண்டுபோய்ச் சைகை காட்டினார்.

பாப்பா "மா!" என்று தாவினாள். அத்தையின் மடியில் ஐந்தே நிமிடத்தில் தூக்கம், ஆட்டாமலே. பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது அத்தை எழுந்து, தூங்குகிறவளை என் மடிக்கு மாற்றினார். அன்று அலுவலகத்தில் செய்த மாதிரி இல்லை, மெதுவாக, முதலில் தலை, பிறகு முதுகு, என் முழங்கை வளையும்வரை காத்திருந்து. பாப்பா விழிக்கவில்லை. அத்தை பாலாடைக்கட்டி டப்பா ஒன்றைப் பரிசாக வாங்கிக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை வாசலில் திரும்பிப் பார்த்தார்.

எழுந்ததும் பாப்பா அறை முழுக்கத் தேடினாள். கட்டிலுக்கு அடியிலும்.

நவம்பர் 27, சைகோன்

பாஸ்போர்ட் கிடைத்தது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கைப்படி நடந்த தத்து என்ற சான்றும் ஹனோயிலிருந்து வந்துவிட்டது. பிரெஞ்சு விசா ஒன்றுதான் பாக்கி.

தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே குமாஸ்தா வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டி புதுச்சேரி வீட்டில் இன்னும் 'சைகோன் பெட்டி'தான். அதனால் துருவோங் தின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் முடியாது. உள்ளே தமிழ் முகம் எங்களுடையது மட்டும். வியட்நாம்காரர்கள் ஊதுபத்திக் கட்டோடு வந்து, கல் சுவரில் நெற்றியை ஒட்டி வைத்து ரகசியம் பேசுகிற மாதிரி வேண்டிக்கொள்கிறார்கள். பாப்பா என் இடுப்பிலிருந்து சரிந்து தானும் சுவரில் கன்னத்தை வைத்தாள். பிறகு அந்த இடத்தை நக்கினாள். சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 29

நாளை விமானம். வோங்கின் இரும்புக் கால்கள் பத்துக் கிலோவுக்கு மேல், எடுத்துப் போக வழியில்லை. ஹோட்டல் சமையல்காரப் பெண்ணுக்கு ஆறு மாதத்தில் பேரன் இருக்கிறான், கொடுத்துவிட்டோம். வலைத்துணியை மட்டும் மடித்து, துவைக்காத சட்டைகளோடு கைப்பெட்டியில் வைத்தேன்.

இவர் இப்போது போனில் பாரிஸ் நண்பரோடு மல்லுக்கட்டுகிறார். எங்கள் வீட்டுக் கூரை கான்கிரீட்டா, அட்டையா? தட்டிப் பார், உள்ளே பொள்ளலாகக் கேட்கிறதா? பன்னிரண்டு கிலோ தாங்குகிற கொக்கி எந்தக் கடையில் கிடைக்கும்? வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம், ஓட்டையைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம்.