கரையில் ஆடாத தோணி, அலையில் ஆடும்: எண்ணூர், பழவேற்காட்டுக்குக் கேனோ தேடுவோருக்கு

துடுப்பால் ஓட்டும் சின்னத் தோணியான கேனோ வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் செய்கிற சோதனை ஒன்றுதான். கரையோரம் மிதக்கவிட்டு, ஒரு காலை உள்ளே வைத்து, பக்கவாட்டில் அழுத்திப் பார்ப்பார்கள். அசையவில்லை என்றால் காசைக் கொடுத்துவிடுவார்கள். தட்டையான அடி உள்ள எந்தத் தோணியும் அந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதுதான் சிக்கல்.

ஒரு தோணிக்கு இரண்டு வகை உறுதி உண்டு. சும்மா நிற்கும்போது ஆடாமல் இருப்பது ஒன்று. நன்றாகச் சாய்ந்த பிறகும் கவிழாமல் எதிர்த்துத் தள்ளுவது இன்னொன்று. தட்டை அடியில் முதலாவது நிறைய, இரண்டாவது குறைவு. தட்டை அடி எப்போதும் தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டிக் கிடக்கப் பார்க்கும். தண்ணீர் சமமாக இருக்கும்வரை அது மேசை மாதிரி நிற்கும். பக்கத்திலிருந்து அலை வந்தால் அலையின் சரிவோடு சேர்ந்து தானும் சாயும். ஒரு அளவைத் தாண்டினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் புரண்டுவிடும். லேசான வளைவுள்ள அடி கரையில் கொஞ்சம் ஆடும், ஏறுகிறவருக்குப் பயமாக இருக்கும். ஆனால் ஓரம் தண்ணீரை நெருங்க நெருங்க அது கெட்டியாகும். பக்கச் சுவர்கள் மேலே போகப் போக வெளியே விரிந்திருந்தால் இந்தக் குணம் இன்னும் கூடும். உள்ளே மடிந்திருந்தால் துடுப்புப் போட வசதி, சாயும்போது பிடிப்புக் குறைவு.

இப்போது நம் தண்ணீரைப் பாருங்கள். பழவேற்காடு ஏரியில் பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்தான், ஆனால் வெட்டவெளி. காற்று எழுந்தால் குட்டையான, செங்குத்தான அலைகள் கிளம்பும். எண்ணூரில் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேரும் இடத்தில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பல இடங்களில் முழங்காலளவுகூடத் தண்ணீர் இல்லை. முகத்துவாரத்திலோ, கடல்மட்டம் இறங்கி வற்றத்து நீர் வெளியே ஓடும்போது கடலலை எதிரே வந்து மோதும். அந்த இடத்துக்கு எந்தக் கேனோவும் ஏற்றதல்ல. முகத்துவாரக்குப்பத்து ஃபைபர் படகுக்காரர்கள் அதில் போவதைப் பார்த்துவிட்டு நாமும் போகலாம் என்று நினைக்கக் கூடாது. அவர்கள் படகு வேறு, இன்ஜின் வேறு, அனுபவமும் வேறு.

ஆக உள்நீருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேருக்கு 14 முதல் 16 அடி நீளம், 36 அங்குல அகலம், லேசாக வளைந்த அடி. தனி ஆளுக்கு 12 அடி போதும், ஆனால் அகலத்தில் கை வைக்க வேண்டாம். நீளம் மாறாமல் இருந்தால், நிற்கும்போதுள்ள உறுதி அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 30 அங்குலத்துக்குப் பதில் 36 எடுத்தால் உறுதி சுமார் 1.7 மடங்கு. 40-ஐத் தாண்டினால் துடுப்பு நீருக்கு எட்டாது, கை தோளைவிட்டுக் கழன்றுவிடும் போல வலிக்கும், எதிர்க்காற்றில் தோணி நகராது.

இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் போடும் அகலம், மேல் விளிம்பில் எடுத்தது. வேலை செய்கிற அகலம் நீர்க்கோட்டில் உள்ளது. இரண்டு பேரை உட்காரவைத்து, நீர் தொடும் இடத்தில் இருபுறமும் சாக்பீஸால் கோடு போட்டு, கரையேற்றி அளந்து பாருங்கள். மேலே 37 என்று சொல்லும் தோணி கீழே 32 தான் காட்டலாம்.

அடுத்தது சுமை. 'இத்தனை கிலோ தாங்கும்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும், விளிம்பு தண்ணீருக்கு மேல் ஆறு அங்குலம் மிச்சமிருக்கும்வரை ஏற்றலாம் என்ற கணக்கு. பழவேற்காட்டு மத்தியான அலைக்கு ஆறு அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. எழுதியதில் 60 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பேர் 140 கிலோ, வலை, தூண்டில், கேமரா, குடிநீர் 30 கிலோ, ஐஸ்பெட்டி 15 கிலோ, மொத்தம் 185. அப்படியானால் 310 கிலோ எழுதியுள்ள தோணிதான் உங்களுக்கு. மூன்றாவது ஆள் 'நானும் வரேன்பா' என்று குதித்தால், மீனோ ஆளோ ஒன்றுதான் ஏறும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆள், உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை.

உட்காரும் உயரத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. தோணியைவிட அதில் உள்ள மனிதன்தான் கனம். அவன் இடுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கதை முடிவாகிறது. பலகையை இரண்டு அங்குலம் இறக்கினாலே வேறு தோணியில் ஏறியது போல இருக்கும். நீளமான போல்ட்டும் இடையில் வைக்கும் மரத்துண்டும் மாற்றினால் வேலை முடிந்தது. உப்புத் தண்ணீருக்கு 316 ரக எவர்சில்வர் போல்ட் போடுங்கள், மற்றது சீக்கிரமே துருக்கறை காட்டும். முட்டிபோட்டு ஓட்டுகிறவர் பலகையை ரொம்ப இறக்கக் கூடாது. கவிழும்போது பாதம் பலகைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஷூ போட்ட கால் தடையில்லாமல் உருவி வருகிறதா என்று கரையிலேயே பாருங்கள்.

என்ன வேலைக்கு என்பதும் முக்கியம். தூண்டில்காரர் உட்கார்ந்தே கொடுவாவையும் மடவையையும் இழுத்துவிடலாம். வீச்சு வலைக்காரர் நின்று, உடம்பைத் திருகி, நனைந்த வலையை ஒரு பக்கமாக எறிகிறார். அவருக்கு நடுப்பகுதி பலகையில்லாமல் காலியாக, அடி கொஞ்சம் தட்டையாக இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் எதிர்ப்பக்கம் தாழ உட்கார வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் கேனோவிலிருந்து வாத்து சுடுவதையும், நாய் குதித்து ஏறுவதையும் பற்றி எழுதுவார்கள். இங்கே 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. நாமக்கோழியைத் தொட்டாலும் குற்றம். ஆனால் துப்பாக்கி உதைக்கும்போது பக்கவாட்டில் விழும் சுமையைத் தாங்க அவர்கள் தேடும் அதே தோணிதான், பறவைப் படமெடுக்க 600 மி.மீ. லென்ஸை மூஞ்சிக்கு நேரே தூக்கிக்கொண்டு சட்டென்று திரும்புகிறவருக்கும் தேவை. கேமராவுக்கு முக்காலி (ட்ரைபாட்) வேண்டாம், கனத்தை மேலே ஏற்றும். தோணியின் அடித்தளத்திலேயே உட்கார்ந்து, குறுக்குப் பலகைமேல் அரிசிப் பை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் படமும் ஆடாது. பழவேற்காட்டில் பறவைகள் சரணாலய எல்லைக்குள் போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். பூநாரைகள் மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கி ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால், நீங்கள் ஏற்கெனவே ரொம்ப நெருங்கிவிட்டீர்கள். கோலை ஊன்றி நின்றுவிடுங்கள்.

பொருளில் அலுமினியத்தைத் தவிர்க்கலாம். பலமானதுதான், ஆனால் துடுப்பு பட்டால் தகர டப்பா சத்தம். நூறு மீட்டர் தள்ளி உள்ள கூழைக்கடா கிளம்பிவிடும். பாலிஎத்திலீன் தோணி அடி வாங்கும், கனம் அதிகம். வெயிலில் இளகி, அடிப்பகுதி உள்வாங்கிக் குழியாகும். மே மாதம் வண்டிமேல் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி மொட்டை வெயிலில் நிறுத்தினால், கோணலாகிப்போனதை முழுதாகச் சரிசெய்வது கஷ்டம். கிழிந்தால் ரெசின் ஒட்டாது, பிளாஸ்டிக் வெல்டிங்தான். ஃபைபர் இலேசு, ஒட்டுப்போடுவது சுலபம். ஆனால் எண்ணூர்ப் பாலத் தூண்களிலும் கற்களிலும் அப்பியிருக்கும் ஆளிச்சிப்பி பிளேடு மாதிரி. மேற்பூச்சை ஒரே உரசலில் கீறிவிடும். ஃபைபரில் செய்யச் சொல்லிக் கொடுத்தால், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மேட் ஒரு அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்து, அடிப்பகுதிக்கு நான்கு அடுக்காவது கேளுங்கள். ரெசின், தண்ணீரை நன்றாகத் தாங்கும் ஐசோ (ஐசோஃப்தாலிக்) ரகமா என்றும் கேளுங்கள். பழைய தோணி என்றால் அடி முழுக்க ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். டக் டக் என்ற சத்தம் திடீரென்று பொத் என்று மாறும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது.

வாங்கும் முன் அரைநாள் ஒதுக்கி, இடுப்பளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு சோதியுங்கள். உங்கள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, வெளியே நின்று விளிம்பைக் கீழே அழுத்துங்கள். தண்ணீருக்கு நான்கு விரற்கடை இருக்கும்போது கையை எதிர்த்துத் தள்ளுகிறதா, இல்லை சும்மா கூடவே வருகிறதா? கூட வந்தால் வேண்டாம். பிறகு ஒரு பெரிய வாளி, அதாவது 20 லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றி மறுபடி அழுத்துங்கள். இதை யாரும் செய்வதில்லை. தோணி சாய்ந்த பக்கமே அந்த 20 கிலோவும் ஓடும். உறுதியான தோணிகூடச் சட்டென்று குடிகாரன் மாதிரி தள்ளாடும். ஒரு அலை உள்ளே வந்ததும், அடுத்த அலையில் கவிழ்வதற்கு இதுதான் காரணம். தண்ணீர் இறைக்க ஒரு குவளையும் ஒற்றியெடுக்கப் பஞ்சும் எப்போதும் கையெட்டும் தூரத்தில் கட்டியிருக்க வேண்டும். கடைசியில் முழுக்க நிரப்பிப் பாருங்கள். அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) உள்ள காற்றறையோ நுரையோ அதைச் சமமாக மிதக்கவைக்க வேண்டும். ஒரு முனை மட்டும் மூழ்கினால் அந்த அறையில் ஓட்டை.

நம் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. நிரம்புவதற்கு உள்ளே இடமில்லை, வந்த தண்ணீர் மரங்களுக்கு இடையே வடிந்துவிடும். மேலே உட்காரும் வகைக் கயாக்கில் துளை வைத்து வடியவிடுவதும் இதே யோசனைதான். நனைவதைப் பொருட்படுத்தாத தூண்டில்காரர் அதையே வாங்கிவிடலாம்.

பக்கவாட்டில் கம்பு நீட்டி அதன் நுனியில் கட்டும் பக்கமிதவை பூட்டினால் குறைந்த அகலத் தோணியும் தேறும். மிதவை விளிம்பிலிருந்து இரண்டு, இரண்டரை அடி தள்ளி, தண்ணீருக்கு ஓரங்குலம் மேலே நிற்க வேண்டும். எப்போதும் நீரில் உரசினால் இழுவை. வலையும் அதில்தான் போய் மாட்டும்.

நங்கூரத்தை நடுப்பக்கத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். எண்ணூர் ஓட்டத்தில் தோணி குறுக்கே திரும்பும், கயிறு விளிம்பைக் கீழே இழுக்கும், பிறகு தண்ணீர் தானாக ஏறும். அணியத்திலோ அமரத்திலோ மட்டும்தான். கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்கு. ஆழமில்லாத சேற்றில் பத்தடி சவுக்குக் கோல் ஒன்றே போதும். தள்ளவும் ஆகும், ஊன்றிக் கட்டவும் ஆகும், சத்தமும் வராது. கோடையில் விடியலில் இறங்கி பத்து மணிக்குள் கரையேறுங்கள், அதற்குப் பின் கடற்காற்று எழும். வாடைக் காலத்தில் தனி ஆளாகப் போனால் அணியம் தூக்கிக்கொண்டு காற்றில் சுழலும். 20 லிட்டர் தண்ணீர் கேனை மூடி இறுக்கி முன்னால் வைத்துக் கட்டிவிடுங்கள்.