பக்கங்களுக்குள் குடியிருக்கும் குறியீடுகள்

விக்கி மென்பொருளுக்குச் செருகுநிரல் (கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்) எழுத வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நிரல் உங்களுடையது, குறியீடு பக்கம் எழுதுபவர்களுடையது. உள்ளே இருக்கும் நிரலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஆனால் அதை அழைக்கும் குறியீட்டை, அதாவது பக்கத்தின் உரைக்குள் தட்டச்சு செய்யும் அடையாளத்தை, பலர் தங்கள் பக்கங்களில் எழுதி வைத்துவிட்டார்கள். அதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்தப் பக்கங்கள் உடையும். வரலாற்றில் கிடக்கும் பழைய பதிப்புகளிலும் அதே குறியீடுதான் இருக்கும். அதனால் குறியீட்டை முடிவு செய்ய நிரலை எழுதுவதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். அது வீண் நேரம் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

நான் அதிகம் புழங்குவது டோக்குவிக்கியில். 2004இல் வெளிவந்த மென்பொருள். தரவுத்தளம் கிடையாது, பக்கங்கள் எல்லாம் வெறும் உரைக் கோப்புகள். இதில் ஒரு குறியீட்டுச் செருகுநிரலுக்கு இரண்டு முக்கியப் பகுதிகள் உண்டு. ஹேண்டில் என்பது பக்கத்தில் இருக்கும் குறியீட்டைப் படித்துத் தரவாகப் பிரித்துத் தரும். ரெண்டர் அந்தத் தரவை வைத்து, உலாவி காட்டும் எச்டிஎம்எல் வடிவத்தை உருவாக்கும். ஹேண்டில் தந்த விடை கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைக்கப்படும். அந்தக் கேஷ் செல்லுபடியாகும்வரை ஹேண்டில் மறுபடி ஓடாது.

பரிசோதனைக்கு என்னிடம் வந்த ஒரு செருகுநிரல், பக்கங்களைப் பட்டியலிடும் வேலையைச் செய்தது. யாருக்கு எந்தப் பக்கத்தைப் படிக்க அனுமதி என்ற சோதனையும் அதில் இருந்தது, ஆனால் ஹேண்டிலுக்குள். முழு அனுமதி உள்ள ஒருவர் முதலில் திறந்தால் போதும், அவர் பார்த்த பட்டியலே சேமிக்கப்பட்டு அடுத்து வருபவர்களுக்கும் தெரியும். நிரலைப் பார்த்தால் எல்லாம் சரி போலத்தான் இருக்கும். சோதனையை ரெண்டருக்கு நகர்த்தினோம். அது மட்டும் போதாது, ரெண்டர் தரும் எச்டிஎம்எல்லும் கேஷாகும் என்பதால் அந்தப் பக்கத்துக்குக் கேஷையே நிறுத்த வேண்டியிருந்தது. பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், பரவாயில்லை.

அப்புறம், டோக்குவிக்கியில் ஒவ்வொரு குறியீட்டுச் செருகுநிரலுக்கும் இருக்கும் வரிசை எண். ஒரே இடத்தில் இரண்டு செருகுநிரல்களின் குறியீடு பொருந்தினால், சிறிய எண் கொண்டதே முந்தும். எங்கள் குழுவில் ஒவ்வொன்றின் குறியீட்டையும் எண்ணையும் ஒரு விக்கிப் பக்கத்திலேயே எழுதி வைக்கிறோம். இரண்டு செருகுநிரல்களுக்குப் பொதுவான வேலை வந்தால், இரண்டும் அழைத்துப் பயன்படுத்தும் ஹெல்பர் என்ற துணை நிரலாகப் பிரித்துவிடுவோம்.

விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் செருகுநிரல்களை நீட்சிகள் என்பார்கள். அவற்றின் விவரங்களை ஒரே ஜேசன் (தரவை எழுதும் ஒரு உரை வடிவம்) கோப்பில் சொல்லும் முறை 1.25 பதிப்பில் வந்தது. அங்கே எனக்கு மிகவும் பிடித்தது கியூகியூகியூ என்ற மொழிக் கோப்பு. ஒவ்வொரு செய்தியும் திரையில் எங்கே, எதற்காக வருகிறது என்று மொழிபெயர்ப்பாளருக்கு விளக்கும் குறிப்புகள் அதில் இருக்கும். அதை நிரப்பாத நீட்சியை முடிந்த வேலையாக நான் எண்ணுவதில்லை.

ஒரு செருகுநிரலை நீக்கும்போதும் இதே கவனம் வேண்டும். முடக்கிய உடனே அதன் குறியீடு பக்கங்களில் எழுதியபடியே வெறும் உரையாகத் தெரியத் தொடங்கும். அதனால் முதலில் எல்லா உரைக் கோப்புகளிலும் தேடி, எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது என்று பட்டியல் எடுப்போம். மாற்றக்கூடியதைச் சாதாரண விக்கி நடைக்கு மாற்றுவோம். மற்றவற்றுக்காக, உள்ளே இருக்கும் உரையை மட்டும் அப்படியே காட்டும் ஒரு சிறிய செருகுநிரலை அதே பெயரில் விட்டுவைப்போம்.